‘செட்’டை ‘ரன்’ முந்திவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் கட்டியிருந்தீர்கள். ஆங்கிலத்திலேயே அதிகப் பொருள் உள்ள சொல் ‘செட்’, அதற்கு 430 பொருள் உண்டு என்று. அதற்குக் கீழே மனப்பாடம் செய்ய ஒரு பட்டியல்: ‘செட்: அமை, வை, தொகுதி. ரன்: ஓடு, ஓட்டம்.’ நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன். இந்த இரண்டு சொல்லும் இல்லாவிட்டால் எங்கள் பட்டறையில் ஒரு மணி நேரம்கூட வேலை நடக்காது. அந்த உரிமையில் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். கேபிள் கதையை மட்டும் வெட்ட வேண்டாம்.

முதலில் அந்த 430. தப்பில்லை, பழசு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் 20 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்குத்தான். அந்த 430 பொருளையும் விளக்க ஏறக்குறைய 60,000 சொற்கள் ஆகியிருக்கின்றன. ஒரு நடுத்தர நாவல் அளவு. ஆனால் அதன் பிறகும் அகராதியைத் திருத்தும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. ‘ரன்’ என்ற வினைச்சொல்லைப் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் எடுத்துக்கொண்டார். அந்த ஒரே சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் தேறியது 645 பொருள். இந்தச் செய்தி வெளியே வந்தது 2011-ல். ஆக, ‘செட்’ முதலிடத்தை இழந்து வருடக்கணக்கில் ஆகிறது. கருகிப்போன மோட்டாரில் காயிலை அவிழ்ப்பவனுக்கு அந்த மனிதர் பட்ட பாடு கொஞ்சம் புரியும்: எந்தக் கம்பி எந்தக் காடியிலிருந்து (காயில் உட்காரும் பள்ளத்திலிருந்து) வருகிறது என்று குறித்துக்கொள்ளாமல் ஒன்றை இழுத்தாலும் மறுபடி கட்ட முடியாது.

ஏன் ‘ரன்’ முந்தியது? மனிதனும் குதிரையும் ஆறும் மட்டும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு வேலை இருந்திருக்காது. நீராவி எந்திரம் வந்ததும் ரயில் ஓடியது, ஆலை ஓடியது. பிறகு மின்சாரம். பிறகு கம்ப்யூட்டருக்குள் புரோகிராம் ஓடியது. எந்திரம் பெருகப் பெருக ‘ரன்’னும் பெருகியது. மோட்டார்காரன் என்ற முறையில் இதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு.

இனி பட்டறைக்கு வருகிறேன். மோட்டாரை வண்டியிலிருந்து இறக்கியதும் கேட்கும் முதல் கேள்வி: ‘ரன் ஆகுதா, இல்ல உறுமிக்கிட்டு நிக்குதா?’ சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குள் இரண்டு காயில். ஒன்று ஸ்டார்ட்டிங், ஒன்று ரன்னிங். மோட்டார் கிளம்பவும் ஓடவும் கைகொடுக்கிற கெப்பாசிட்டரிலும் அப்படியே: ஸ்டார்ட் கெப்பாசிட்டர் மோட்டார் வேகம் பிடித்ததும் சுவிட்ச் வழியாகக் கழன்றுகொள்ளும், ரன் கெப்பாசிட்டர் மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் லைனிலேயே இருக்கும். ‘செட்’டுக்கும் பஞ்சமில்லை. பம்பு செட். பேரிங் ஒரு செட். கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை எத்தனை ஆம்பியரில் செட் பண்ணியிருக்கிறான் என்று பார். டைமரைக் காலை ஐந்தரைக்குச் செட் பண்ணு. காயிலுக்கு வார்னிஷ் ஊற்றியிருக்கிறது, செட் ஆகட்டும், கை வைக்காதே. மாலையில் டீ குடிக்க வரும் என் கூட்டாளிகள், ‘எங்க செட்டு’.

பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் கோட்டை விட்டுவிட்டு என்னிடம் தொழில் கற்க வரும் பையனுக்கும் ஆறு மாதத்தில் ‘செட்’டில் நாலைந்து பொருள், ‘ரன்’னில் நாலைந்து பொருள் பிடிபட்டுவிடும். அது இங்கிலீஷ் என்றே அவனுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ‘செட்’ என்றால் என்ன என்று கேட்டு அவன் ‘இறுகுறது சார்’ என்றிருந்தால் வகுப்பே சிரித்திருக்கும். ‘அமை’ என்று எழுதினால்தான் மார்க். சிமெண்டு இறுகுவதும் தயிர் உறைவதும் ஆங்கிலத்தில் அதே ‘செட்’தானே! எங்கள் ஊருக்கு இங்கிலீஷ் புதிதும் இல்லை. 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இங்கிலீஷ் கம்பெனி வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்து என்று பேச்சு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். முந்நூறு வருடம் தாண்டிவிட்டது. நாம் இன்னும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பிள்ளைகளுக்கு நோட்ஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது கேபிள் கதை. என்னிடம் தொழில் கற்ற பையன் ஒருவன் எலெக்ட்ரீஷியனாக வளைகுடாவுக்குப் போனான். கெட்டிக்காரன். போன புதிதில் சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டு, ‘ரன் தி கேபிள் அப் டு தி பேனல்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பையனுக்குக் குழப்பம். நம் பட்டறையில் ‘ரன் பண்ணு’ என்றால் சப்ளை கொடுத்து ஓட விடு என்று அர்த்தம். கேபிளோ இன்னும் டிரம்மில் சுற்றியபடி கிடக்கிறது. மறுமுனையில் எதுவுமே இணைக்கவில்லை. இதற்கு எப்படி சப்ளை கொடுப்பது? நல்லவேளையாக அவன் எந்த சுவிட்சிலும் கை வைக்காமல் பக்கத்தில் இருந்த மலையாளி ஃபோர்மேனைக் கேட்டிருக்கிறான். அவர் சிரித்துவிட்டு, ‘கேபிள் வலிக்கடா’ என்றாராம். அதாவது இழு. இங்கிருந்து பேனல் வரைக்கும் கேபிளை இழுத்துக்கொண்டு போ. அவ்வளவுதான் விஷயம். துடுப்பு வலிப்பது என்று நாமும் சொல்வதால் பையனுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அன்று இரவு எனக்கு வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பினான்: ‘அண்ணே, ரன்னுன்னா இழுக்கறதாம்ணே. நீங்க சொல்லவே இல்லயே.’

நான் எங்கே சொல்வது? நம் ஊரில் ஒயர் இழுக்கிறோம், லைன் இழுக்கிறோம். அதை ‘ரன்’ என்று யாரும் சொல்வதில்லையே! ‘ரன்: ஓடு’ என்று படித்தவன் கேபிளைப் பார்த்ததும் விழிக்கத்தான் செய்வான். அதுவும் கரண்ட் சம்பந்தப்பட்ட இடத்தில் விழிப்பதோடு நின்றால் புண்ணியம்.

இதே ‘ரன்’ என்னையும் ஒரு நாள் திடுக்கிட வைத்தது. 2021 ஜனவரி 2. கொரோனா தடுப்பூசிக்கு நாடு முழுக்க இன்று ‘டிரை ரன்’ என்று டிவியில் ஆங்கிலச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பம்புக்காரனிடம் ‘டிரை ரன்’ என்று சொன்னால் அது சாவுச் செய்தி. கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போய், மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருப்பது. பம்பில் கசிவைத் தடுக்கும் சீலுக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி, தண்ணீர்தான் வழவழப்பு. தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் சுற்றினாலே சீல் எரிந்துவிடும். தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் சப்மெர்சிபிளாக இருந்தால், தண்டைத் தாங்கும் புஷ்ஷும் போகும். ‘டிரை ரன் ஆயிடுச்சி’ என்று யாராவது மோட்டாரோடு வந்து நின்றால் அவருக்குச் செலவு, எனக்கு வேலை. ஊசி போடுகிற இடத்தில் இதென்ன கூத்து என்று பார்த்தால், மறுநாள் உங்கள் தாளில் ‘ஒத்திகை’ என்று அழகாகப் போட்டிருந்தீர்கள். ‘வெள்ளோட்டம்’ என்றாலும் பொருந்தியிருக்கும். அதில் ஓட்டமும் இருக்கிறது. ஊசி மருந்து இல்லாமல் நடத்திப் பார்ப்பது ஆஸ்பத்திரிக்காரரின் டிரை ரன். தண்ணீர் இல்லாமல் ஓடிக் கெடுவது எங்கள் டிரை ரன். உங்கள் பட்டியலில் இருக்கிற ‘ஓடு, ஓட்டம்’ இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மாணவன் இந்த வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பான்?

இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ‘ரன்’ விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கஷ்டம் குறைவு. ஏனென்றால் நம் ‘ஓடு’வும் அதே மாதிரி ஊர் சுற்றுகிற சொல். கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, கடை ஏதோ ஓடுகிறது, மனசில் ஒன்று ஓடுகிறது, வேலையே ஓடவில்லை. மோட்டாருக்குத் தமிழில் ‘மின்னோடி’ என்று பெயர் வைத்தவர்களும் இந்த ஓட்டத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி என்னிடம் ரிப்பேருக்கு வந்தவர் இதுவரை யாருமில்லை, அது வேறு விஷயம். ஓடு என்பதோடு ஓட்டு, நடத்து இரண்டையும் சேர்த்துக்கொண்டால் ‘ரன்’னில் பெரும்பகுதி அடங்கிவிடும். பழைய ஆங்கிலத்தில் தானாக ஓடுவதற்கு ஒரு சொல்லும், ஓட வைப்பதற்கு வேறொரு சொல்லும் இருந்தன. பிற்பாடு இரண்டும் ‘ரன்’ என்ற ஒன்றிலேயே கலந்துவிட்டன. நமக்கு ஓடு வேறாகவும் ஓட்டு வேறாகவும் இன்றும் இருக்கிறது. இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும். ‘மோட்டார் ரன்ஸ்’ என்றால் ஓடுகிறது. ‘ஹி ரன்ஸ் எ மோட்டார்’ என்றால் ஓட்டுகிறான். ‘ஹி ரன்ஸ் எ ஷாப்’ என்றால் நடத்துகிறான்.

மிச்சம் இருப்பவைதான் தகராறு. மூக்கு ‘ரன்’ ஆனால் ஒழுகுகிறது. புடவைச் சாயம் ‘ரன்’ ஆனால் சாயம் போகிறது. உடம்பு ‘டெம்பரேச்சர் ரன்’ பண்ணினால் காய்ச்சல் அடிக்கிறது. சர்க்கரை ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோச்சு. கிரிக்கெட்டில் மட்டும் ஆள் வெளியே. தேர்தல் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ பண்ணுகிறார். இங்கிலாந்தில் நிற்கிறார். நம் ஊரிலும் நிற்கத்தான் செய்கிறார். ஜெயித்த பிறகு ஓடுவதைப் பற்றி நான் பேசவில்லை.

‘செட்’தான் சிக்கல் பிடித்தது. அடிப்படையில் அது ‘சிட்’டுக்குத் துணைச் சொல். ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்கார வை. அலாரம் வை, பொறி வை, மோதிரத்தில் கல் பதி, உடைந்த எலும்பைச் சேர்த்து வைத்துக் கட்டு, விலை நிர்ணயம் செய், எல்லாம் ஏதோ ஒன்றை அதன் இடத்தில் உட்கார வைப்பதுதான். சூரியன் ‘செட்’ ஆவதும் அது போய் உட்காருவதுதான் என்று நினைத்தால் சரியாக வரும். ‘செட் இன்’ என்பதற்கு எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம். மழை செட் இன் ஆகிறது என்றால் ‘மழை புடிச்சிக்கிச்சு’. 2015 நவம்பரில் பிடித்த மழையில் முங்கிய மோட்டார்கள் பொங்கல் தாண்டியும் என் பட்டறை வாசலில் வரிசையாகக் கிடந்தன.

ஆனால் கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் ‘செட்’ வேறு வீட்டுப் பிள்ளை. பின்பற்றி வருகிறவர்கள் என்று பொருள்படும் ‘செக்டா’ என்ற லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒலி ஒன்றாக இருந்ததால் உட்கார வைக்கிற ‘செட்’டோடு ஒட்டிக்கொண்டது. புதுச்சேரிக்காரர்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். ‘எங்க செட்டு’ என்று நாம் சொல்லும்போது அந்தப் பழைய பொருளுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம். இப்படி இரண்டு வேர் என்று ஒரு வரி சொல்லிக் கொடுத்தால் ‘அமை, வை, தொகுதி’ மூன்றும் ஏன் ஒரே சொல்லில் கிடக்கின்றன என்ற எரிச்சல் பிள்ளைகளுக்குக் குறையும்.

இன்னொரு வம்பும் இருக்கிறது. ‘செட்’டை நாம் வாங்கி நம் இஷ்டத்துக்கு வளர்த்துவிட்டோம். ‘இந்தச் சட்டை உனக்கு செட் ஆகல’, ‘அவங்க ரெண்டு பேருக்கும் செட் ஆகல’ என்பதை அப்படியே இங்கிலீஷில் எழுதினால் வெள்ளைக்காரனுக்கு விளங்காது. அவன் அந்த இடத்தில் ‘சூட்’ என்பான். ‘செட்டிங்’ என்றால் நம் ஊரில் உள்ளுக்குள் பேசி முடித்துவிட்டார்கள் என்று பொருள். ‘செட்டப்’ என்பதற்கு நம் ஊர்ப் பொருளை மாணவர் பக்கத்தில் போட முடியாது. கேபிள் பெட்டியை ‘செட்டப் பாக்ஸ்’ என்று போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள்; அது டிவி செட்டின் டாப்பில் வைக்கும் பாக்ஸ், ‘செட் டாப்’. மெலிந்த டிவி சுவரில் ஏறிய பிறகு மேலே வைக்க இடமும் இல்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. எந்தப் பொருள் ஆங்கிலத்தில் செல்லும், எது கடலூரோடு நின்றுவிடும் என்பதையும் யாராவது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இதற்கு வழி என்ன என்று கேட்பீர்கள். எனக்குப் புதுச்சேரியில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். பிரான்சிலிருந்து வந்து தங்கியவர். வீட்டு போர்வெல் மோட்டாருக்கு என்னைத்தான் கூப்பிடுவார். தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் கூட வந்த பையனிடம் ‘மோட்டாரைப் போடு’ என்றேன். அவர் உடனே, ‘போடு என்றால் கீழே எறிவது இல்லையா?’ என்று பதறிவிட்டார். பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். லைட்டு போடு, சட்டை போடு, டீ போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, கோலம் போடு, ஆடு குட்டி போடும், கோழி முட்டை போடும். என்னால் நிறுத்தவே முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அர்த்தம் சொல்லச் சொன்னார். நானும் முயன்றேன், எனக்கு வரவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நோட்டில் இடது பக்கம் பொருளின் பெயரை எழுதினார்: கோலம், முட்டை, கையெழுத்து. வலது பக்கம் ‘போடு’. அர்த்தம் எழுதவில்லை. ஜோடியாகவே மனசில் ஏற்றிக்கொண்டார். அடுத்த முறை போனபோது, ‘அண்ணா, மோட்டார் போட்டேன், தண்ணி வரல’ என்று தெளிவாகச் சொன்னார். தண்ணீர் வராததற்குக் காரணம் உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு. மொழியில் குறை ஒன்றும் இல்லை.

உங்கள் மாணவர் பக்கத்துக்கு நான் கேட்பது அந்த நோட்டுத்தான். ‘ரன்: ஓடு’ என்று ஒற்றை வரி போடாதீர்கள். கேபிளோடு வந்தால் இழு, மூக்கோடு வந்தால் ஒழுகு, கடையோடு வந்தால் நடத்து, தேர்தலோடு வந்தால் நில். ‘செட்’டும் அப்படியே: தயிரோடு வந்தால் உறை, கல்லோடு வந்தால் பதி, வலையோடு வந்தால் விரி. எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று காட்டி, ஒரு நாளைக்கு நாலு ஜோடி போட்டால் போதும். 645-ம் யாருக்கும் வேண்டாம். கில்லிவருக்கே ஒன்பது மாதம் ஆனது.

கேட்க வேண்டிய ஆட்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். டெய்லருக்கு ‘ரன்னிங் தையல்’ தெரியும். தச்சருக்கு ‘ரன்னிங் அடி’ தெரியும். மஞ்சக்குப்பம் மைதானத்தில் வாலிபால் ஆடுகிற பையனுக்கு ‘செட்’ என்றால் இருபத்தைந்து பாயிண்ட், கடைசி செட்டானால் பதினைந்து. இவர்களிடம் போய்க் கேட்டு, அதை ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் காட்டி, எது சரி, எது நம் ஊர்ச் சரக்கு என்று பிரித்துப் போடுங்கள். பிள்ளைகள் வீட்டில் அப்பா, மாமா வாயில் கேட்ட சொல்லை அச்சில் பார்த்தால் விட மாட்டார்கள். என் பட்டறைக்கு வருவதானால் காலை பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். அதற்கு முன் நான் பெரும்பாலும் யாராவது ஒருவர் கிணற்றுக்குள் இருப்பேன்.

அடுத்த வாரம் ‘கட்’ என்ற சொல் வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதை ‘வெட்டு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டாம். லாரன்ஸ் ரோட்டில் துணிக்கடைக்காரரையும், முடிதிருத்துபவர் ஒருவரையும், மின்வாரிய லைன்மேன் ஒருவரையும் முதலில் கேளுங்கள். கட் பீஸ், கட்டிங், கரண்ட் கட், ஃபோன் கட், கிளாஸ் கட் அடிப்பது என்று பாதிப் பக்கம் அங்கேயே நிரம்பிவிடும்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டுபவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.
(பெயர் போட வேண்டாம்.)